எடையோடு சேர்ந்து போகும் சத்து

உடல் பருமனுக்கு அறுவை சிகிச்சை செய்துகொள்வது இந்தியாவின் பெரு நகரங்களில் இன்று சாதாரணமாகிவிட்டது. ஆபரேஷன் இரண்டொரு மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. அதன் பிறகு ஆயுள் முழுக்க விழுங்க வேண்டிய மாத்திரைகளைப் பற்றித்தான் அதிகம் பேச்சில்லை.

2011 செப்டம்பரில், அப்போது பாரதீய ஜனதா கட்சியின் தலைவராக இருந்த நிதின் கட்கரி மும்பையில் எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டார். மூன்று ஆண்டுகள் கழித்து, 2014 செப்டம்பரில், மத்திய நிதி அமைச்சராக இருந்த அருண் ஜெட்லி டில்லியில் அதே வகைச் சிகிச்சை பெற்றார். 2017 பிப்ரவரியில் எகிப்திலிருந்து ஒரு பெண் சரக்கு விமானத்தில் மும்பைக்குக் கொண்டுவரப்பட்டார். உலகிலேயே மிக அதிக எடை கொண்ட பெண் என்று சொல்லப்பட்ட அவரை மருத்துவமனைக்குள் சேர்க்க கிரேன் தேவைப்பட்டது. தொலைக்காட்சிகள் நாள் முழுக்க அந்தக் காட்சியைக் காட்டின.

ஒரு காலத்தில் பணக்காரர்களின் விசித்திரம் என்று கருதப்பட்ட 'பேரியாட்ரிக்' சிகிச்சை, இப்படித்தான் நடுத்தர வர்க்கத்தின் பேச்சில் இடம்பிடித்தது. இன்று சென்னை, கோவை, ஹைதராபாத், மும்பை, புனே, இந்தூர், டில்லி என்று எந்த நகரத்தை எடுத்துக்கொண்டாலும் இதற்கென்றே தனிப் பிரிவு வைத்திருக்கும் தனியார் மருத்துவமனைகள் உண்டு. விளம்பரங்களில் இரண்டு புகைப்படங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். சிகிச்சைக்கு முன், சிகிச்சைக்குப் பின். 'பின்' என்ற படம் பெரும்பாலும் சிகிச்சை முடிந்து ஓராண்டு, ஒன்றரை ஆண்டில் எடுத்ததாக இருக்கும். எடை மிக வேகமாகக் குறையும் காலம் அதுதான்.

ஐந்தாம் ஆண்டில், பத்தாம் ஆண்டில் எடுத்த ரத்தப் பரிசோதனைச் சீட்டை யாரும் விளம்பரத்தில் போடுவதில்லை. சிகிச்சையின் உண்மையான கணக்கு அந்தச் சீட்டில்தான் இருக்கிறது. இரும்பு, சுண்ணாம்புச் சத்து, வைட்டமின் பி12, வைட்டமின் டி, தயமின், புரதம் ஆகியவற்றில் ஏதாவது ஒன்றோ பலவோ மெல்ல மெல்லக் குறைந்துகொண்டே வருவது இந்தச் சிகிச்சையின் இயல்பான பின்விளைவு. மருத்துவரின் கைத்தவறு அதற்குக் காரணமல்ல. சிகிச்சை வேலை செய்யும் விதமே அப்படி.

பழைய பாடம்

மருத்துவ உலகம் இதை ஒருமுறை பெரும் விலை கொடுத்துக் கற்றுக்கொண்டது. அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அறுவை சிகிச்சை நிபுணர்கள் கிரெமன், லின்னர் ஆகியோர் 1954ல் சிறுகுடலின் பெரும்பகுதியைச் சுற்றிக்கொண்டு போகும் ஒரு முறையை விவரித்தார்கள். 1960களிலும் 70களிலும் அந்த முறையின் பல வடிவங்கள் அமெரிக்காவில் பரவின. ஆறு மீட்டர் அளவுக்கு நீளமான சிறுகுடலில் சுமார் ஒன்றரை அடி மட்டுமே உணவைச் சந்திக்கும். மீதி வெறுமனே ஒதுங்கி நிற்கும். எதைச் சாப்பிட்டாலும் உடலில் ஒட்டாது என்பதே அதன் கவர்ச்சி.

ஒட்டாமல் போனது கொழுப்பு மட்டுமல்ல. ஓயாத வயிற்றுப்போக்கு, சிறுநீரகக் கல், மூட்டுவலி, வைட்டமின் பற்றாக்குறை என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. சிலருக்குக் கல்லீரலே செயலிழந்தது. 1980 வாக்கில் அந்த முறை கைவிடப்பட்டது. பலருக்கு மீண்டும் வயிற்றைத் திறந்து குடலைப் பழையபடி இணைக்க வேண்டிவந்தது.

இதற்கிடையே அயோவா பல்கலைக்கழகத்தின் எட்வர்ட் மேசன், சிகாஷி இட்டோவுடன் சேர்ந்து 1966ல் வேறொரு வழியை முயன்றார். குடலை அவ்வளவாகக் குறைக்காமல் இரைப்பையைச் சிறிதாக்கும் வழி அது. இன்று செய்யப்படும் இரைப்பை பைபாஸ் அதிலிருந்து வளர்ந்ததுதான். 1990களில் லேப்ராஸ்கோப் வந்தது. வயிற்றில் நீளமாகக் கிழிக்காமல் சில துளைகள் வழியே வேலையை முடிக்க முடிந்ததும் சிகிச்சை வேகமாகப் பரவியது.

இந்தச் சிகிச்சையால் கிடைக்கும் நன்மையைக் குறைத்துச் சொல்ல முடியாது. 1987ல் ஸ்வீடனில் தொடங்கிய நீண்டகால ஆய்வு நாலாயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பின்தொடர்ந்தது. அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களிடையே மரண விகிதம் மற்றவர்களைவிடக் குறைவு என்று 2007ல் அதன் முடிவு வெளியானது. சர்க்கரை நோய் பலருக்குக் கட்டுக்குள் வருகிறது. தூக்கத்தில் மூச்சு முட்டுவது நிற்கிறது. முழங்கால் வலி குறைகிறது. 130 கிலோ எடையோடு மாடிப்படி ஏற முடியாதவருக்கு இது மறுவாழ்வு. ஆனால் அந்த மறுவாழ்வுக்கு ஒரு நிபந்தனை உண்டு.

வயிற்றுக்குள் நடப்பது

இந்தியாவில் இன்று அதிகமாகச் செய்யப்படுவது 'ஸ்லீவ்' முறை. இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிடுவார்கள். பை போலிருந்த இரைப்பை, சட்டைக் கை போல ஒரு குழாயாகிவிடும். இரண்டாவது முறை பைபாஸ். இதில் இரைப்பையின் மேல்பகுதியில் சுமார் 30 மில்லி மட்டுமே கொள்ளும் ஒரு சிறு பையை உண்டாக்கி, அதை நேராகச் சிறுகுடலின் நடுப்பகுதியோடு இணைக்கிறார்கள். இரைப்பையின் மற்ற பகுதியும் சிறுகுடலின் தொடக்கமும் உள்ளேயே இருக்கும். ஆனால் உணவு அந்த வழியாகப் போகாது. மூன்றாவது, ஒரே ஓர் இணைப்போடு முடியும் 'மினி பைபாஸ்'. இந்தியாவில் இதற்கும் நல்ல வரவேற்பு உண்டு. இதில் எவ்வளவு நீளக் குடலைத் தாண்டிவிடுகிறார்கள் என்பதைப் பொறுத்துச் சத்து இழப்பும் கூடும்.

ஒவ்வொரு சத்துக்கும் உடலில் ஒரு நுழைவாசல் இருக்கிறது. இரும்பும் சுண்ணாம்புச் சத்தும் பெரும்பாலும் சிறுகுடலின் தொடக்கத்தில் உடலுக்குள் நுழைகின்றன. பைபாஸ் முறையில் மூடப்படுவது சரியாக அந்த வாசல்தான். காய்கறியிலும் தானியத்திலும் இருக்கும் இரும்பை உடல் ஏற்கும் வடிவத்துக்கு மாற்ற இரைப்பை அமிலம் வேண்டும். ஸ்லீவ் முறையில் அமிலம் சுரக்கும் பகுதியே குறைந்துவிடுகிறது.

பி12 கதை இன்னும் சிக்கலானது. உணவிலிருந்து அதைப் பிரித்தெடுக்க அமிலம் வேண்டும். பிறகு இரைப்பைச் சுவரில் சுரக்கும் ஒரு புரதம் அதோடு சேர வேண்டும். அந்த ஜோடி சிறுகுடலின் கடைசிப் பகுதி வரை பயணம் செய்து அங்கேதான் உள்வாங்கப்படும். ஸ்லீவ், பைபாஸ் இரண்டுமே இந்தச் சங்கிலியில் ஏதோ ஒரு கண்ணியை அறுக்கின்றன.

இவற்றோடு உணவின் அளவும் சுருங்குகிறது. முன்பு நான்கு இட்லி சாப்பிட்டவருக்கு அரை இட்லியில் வயிறு நிறைந்துவிடுகிறது. சத்து நுழையும் வழியும் குறைந்து, உள்ளே போகும் சத்தும் குறையும்போது, மாத்திரை என்பது விருப்பப்பட்டால் எடுத்துக்கொள்ளும் டானிக் அல்ல. அது சிகிச்சையின் ஒரு பகுதி.

முதல் மூன்று மாதம்

முதலில் வரும் ஆபத்து மிக வேகமானது. தயமின் எனப்படும் வைட்டமின் பி1ஐ உடல் அதிகம் சேமித்து வைப்பதில்லை. இருப்பு இரண்டு மூன்று வாரங்களுக்குத்தான் வரும். சிகிச்சைக்குப் பிறகு ஒருவர் விடாமல் வாந்தியெடுத்தால், விழுங்கிய மாத்திரையும் வெளியே வந்துவிடும். சில வாரங்களில் கையிருப்பு தீர்ந்துவிடும்.

மருத்துவ நூல்கள் விவரிக்கும் காட்சி இது. சிகிச்சை முடிந்து ஆறு எட்டு வாரங்கள் ஆகியிருக்கும். நோயாளிக்குப் பத்து நாளாக வாந்தி. ஆபரேஷன் நடந்த நகரம் தூரத்தில் இருப்பதால் உள்ளூர் மருத்துவமனைக்குப் போகிறார். களைப்பாக இருக்கிறார் என்று குளுக்கோஸ் ஏற்றுகிறார்கள். அடுத்த நாள் கண்கள் ஆடத் தொடங்குகின்றன. பார்ப்பதெல்லாம் இரண்டாகத் தெரிகிறது. நடை தள்ளாடுகிறது. பேச்சு குழம்புகிறது. குளுக்கோஸை எரிக்க உடலுக்குத் தயமின் தேவை. இல்லாத இடத்தில் குளுக்கோஸ் மட்டும் ஏறும்போது, மிச்சமிருந்த துளியும் தீர்ந்துவிடுகிறது. ஜெர்மானிய மருத்துவர் கார்ல் வெர்னிக்கே 1881ல் விவரித்த மூளைப் பாதிப்பு இது. உரிய நேரத்தில் தயமின் ஊசி போட்டால் தடுக்கலாம். தாமதித்தால் நினைவாற்றல் நிரந்தரமாகப் பழுதாகலாம், உயிரும் போகலாம். அந்த ஊசி விலை மலிவான மருந்து என்பதுதான் வேதனை.

இந்தியாவின் ஊட்டச்சத்து ஆராய்ச்சியே இந்த வைட்டமினில்தான் தொடங்கியது என்பது பலருக்குத் தெரியாது. தயமின் குறைவால் வரும் பெரிபெரி நோயைப் பற்றி ஆராய 1918ல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தின் ஒரே ஓர் அறையில் ராபர்ட் மெக்கரிசன் வேலையைத் தொடங்கினார். அந்த அறைதான் வளர்ந்து, 1958ல் ஹைதராபாத்துக்கு இடம்பெயர்ந்து, தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாயிற்று. நன்றாகத் தீட்டிய பச்சரிசியை மட்டுமே நம்பியிருந்தவர்களை அந்த நோய் தாக்கியது. புழுங்கல் அரிசி சாப்பிட்டவர்கள் தப்பினார்கள். நெல்லை அவிக்கும்போது தயமின் அரிசிக்குள் இறங்கிவிடுவதே காரணம். ஏழைகளின் நோயாக இருந்து கிட்டத்தட்ட மறைந்துபோன அந்தப் பற்றாக்குறை, சில லட்சம் ரூபாய் செலவழித்துச் சிகிச்சை பெறுகிறவர்களிடம் மீண்டும் தலைகாட்டுகிறது.

மெதுவாக வருவது

மற்றப் பற்றாக்குறைகளுக்கு அவசரமில்லை. கல்லீரலில் பி12 பல ஆண்டுகளுக்குப் போதுமான அளவு சேமிப்பில் இருக்கும். முதலாண்டில் பரிசோதனை செய்தால் எல்லாம் சரியாகத் தெரியும். நோயாளி மகிழ்ச்சியோடு மாத்திரையை நிறுத்திவிடுவார். மூன்றாம் ஆண்டிலோ ஐந்தாம் ஆண்டிலோ பாதங்களில் மரமரப்பு தொடங்கும். இருட்டில் நடக்கும்போது தடுமாற்றம். மறதி, எரிச்சல், சோர்வு. வயதாகிறது என்றோ, பழைய சர்க்கரை நோயின் மிச்சம் என்றோ நினைத்துக்கொள்வார்கள். பழைய ஆபரேஷனுக்கும் புதிய மரமரப்புக்கும் முடிச்சுப் போட யாருக்கும் தோன்றாது. முதுகுத்தண்டு நரம்பு பாதிக்கப்பட்டு நாள் கடந்துவிட்டால், பிறகு எத்தனை ஊசி போட்டாலும் முழுதாகத் திரும்பாது.

இதில் ஒரு பொறியும் உண்டு. ரத்தசோகை என்றதும் ஃபோலிக் அமில மாத்திரை கொடுப்பது வழக்கம். அது ரத்தத்தைச் சரிசெய்துவிடும். பி12 குறைவால் நரம்பில் நடக்கும் சேதம் மட்டும் சத்தமில்லாமல் தொடரும்.

சுண்ணாம்புச் சத்தின் ஏமாற்று வேறு வகை. அது உடலுக்குப் போதுமான அளவு வராதபோது பாராதைராய்டு சுரப்பி விழித்துக்கொள்கிறது. எலும்பிலிருந்து சுண்ணாம்பைக் கரைத்து ரத்தத்துக்குக் கொடுக்கிறது. எனவே ரத்தப் பரிசோதனையில் கால்சியம் அளவு சரியாகவே இருக்கும். எலும்பு மட்டும் காலியாகிக்கொண்டு வரும். வைட்டமின் டியையும் பாராதைராய்டு ஹார்மோனையும் சேர்த்துப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும். பைபாஸ் செய்துகொண்டவர்களுக்கு எலும்பு முறியும் வாய்ப்பு கூடுகிறது என்பது இன்று உறுதியாகத் தெரிந்த விஷயம்.

முடி கொட்டுவதுதான் நோயாளிகளை உடனே மருத்துவரிடம் ஓடவைக்கும் அறிகுறி. மூன்றாம் மாதத்திலிருந்து ஆறாம் மாதம் வரை கொட்டுவது வேகமாக எடை குறைவதன் விளைவு. பெரும்பாலும் தானே சரியாகிவிடும். ஓராண்டுக்குப் பிறகும் கொட்டினால் புரதம், இரும்பு, துத்தநாகம் ஆகியவற்றில் குறை இருக்கலாம். இங்கேயும் சுயவைத்தியம் ஆபத்து. முடிக்காக துத்தநாக மாத்திரையை அளவில்லாமல் விழுங்கினால் அது தாமிரச் சத்தை உடலில் ஏறவிடாது. தாமிரம் குறைந்தால் ரத்தசோகையும் கால் மரமரப்பும் வரும். பார்ப்பதற்கு பி12 குறைவைப் போலவே இருக்கும்.

புரதம் கடுமையாகக் குறையும்போது கால் வீங்குகிறது. தராசில் எடை கூடியதுபோலத் தெரியும். இன்னும் குறைத்துச் சாப்பிட வேண்டும் என்று நோயாளி முடிவெடுத்தால், நோய் முற்றும்.

ஏற்கெனவே காலியான கிடங்கு

இவை எல்லா நாட்டுக்கும் பொதுவானவை. இந்தியாவின் பிரச்சினை, சிகிச்சைக்கு வருகிறவரின் கிடங்கே பாதி காலியாக இருப்பது. பருமனாக இருப்பவர் சத்தோடு இருக்கிறார் என்பது தவறான எண்ணம். தேவைக்கு மேல் மாவுச்சத்தும் எண்ணெயும் சேர்ந்த உடலில் இரும்பும் பி12ம் குறைவாக இருப்பது இந்நாட்டில் சகஜம்.

2019-21ல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வு இந்த முரண்பாட்டை அப்படியே காட்டுகிறது. 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதே வயதுப் பெண்களில் 24 சதவீதம் பேருக்கு அளவுக்கு மீறிய எடை. டில்லி, பஞ்சாப், தமிழ்நாடு ஆகிய இடங்களில் இந்த இரண்டாவது எண் 40 சதவீதத்தைத் தொட்டு நிற்கிறது. இரண்டு கணக்கிலும் ஒரே பெண் இடம்பெறுவது அபூர்வமல்ல.

பி12 இயற்கையாகக் கிடைப்பது இறைச்சி, மீன், முட்டை, பால் ஆகியவற்றில்தான். குஜராத்தின் சமண வணிகர் குடும்பத்திலும், தமிழ்நாட்டின் சைவ உணவுக் குடும்பத்திலும் பாலும் தயிரும் மட்டுமே வழி. சிகிச்சைக்குப் பிறகு பால் ஒத்துக்கொள்ளாமல் போனால் அதுவும் அடைபடும். சர்க்கரை நோய்க்குப் பல ஆண்டுகள் மெட்ஃபார்மின் சாப்பிட்டவர்களுக்கு பி12 ஏற்கெனவே குறைந்திருக்கும். நெஞ்செரிச்சலுக்கு நாள்தோறும் சாப்பிடும் அமிலக் குறைப்பு மாத்திரையும் தன் பங்குக்கு பி12, இரும்பு, சுண்ணாம்பு மூன்றையும் தடுக்கும். ஸ்லீவ் செய்துகொண்டவர்களுக்கு நெஞ்செரிச்சல் அதிகம் என்பதால் இந்த மாத்திரை பெரும்பாலும் கூடவே இருக்கும்.

விரதங்களும் இருக்கின்றன. நவராத்திரி, ஏகாதசி, கர்வா சௌத், ரம்ஜான், பர்யூஷண் என்று இந்திய நாட்காட்டியில் உபவாசத்துக்குக் குறைவில்லை. ஒரு வேளைக்கு அரைக் கிண்ணம் மட்டுமே சாப்பிட முடிகிறவர் பகல் முழுக்கத் தண்ணீரும் இல்லாமல் இருந்தால், புரதக் கணக்கு அன்றே உதைக்கும். விரதத்தை விடச் சொல்வது மருத்துவரின் வேலையல்ல. ஆனால் எந்த விரதம், எத்தனை நாள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு வழி சொல்வது அவசியம். சிகிச்சைக்குப் பிறகான உணவு அட்டவணை பல இடங்களில் இதைக் கேட்பதில்லை.

பெண்களுக்கு இன்னொரு கவலை உண்டு. எடை குறைந்ததும், முன்பு சரியாக வராத மாதவிலக்கு ஒழுங்காகிக் கருத்தரிக்கும் வாய்ப்பு கூடுகிறது. கருத்தடை மாத்திரையோ சிகிச்சைக்குப் பிறகு முன்போல உடலில் ஏறாமல் போகலாம். எடை வேகமாகக் குறையும் முதல் 12 முதல் 18 மாதங்களில் கருத்தரிப்பதைத் தள்ளிப்போட வேண்டும் என்பது சர்வதேச விதிமுறை. அந்தக் காலத்தில் தாய்க்கு இல்லாத இரும்பும் ஃபோலிக் அமிலமும் பி12ம் குழந்தைக்கும் கிடைக்காது. வாரிசு வேண்டும் என்பதற்காகவே மகளையோ மருமகளையோ ஆபரேஷனுக்கு அழைத்துவரும் குடும்பங்களுக்கு இந்த விதி முதல் நாளே சொல்லப்பட வேண்டும்.

பில் யார் கட்டுவது?

மருத்துவ விதிமுறைகள் தெளிவாகவே இருக்கின்றன. சிகிச்சைக்கு முன்பே சத்துக்களின் அளவைப் பார்த்து, குறையைச் சரிசெய்ய வேண்டும். பிறகு முதலாண்டில் சில மாத இடைவெளியில் திரும்பத் திரும்பவும், அதன் பின் ஆண்டுக்கு ஒருமுறையும், வாழ்நாள் முழுக்கப் பரிசோதனை தொடர வேண்டும். நடைமுறையில் நோயாளிகள் முதலாண்டு வருகிறார்கள். எடை குறைவதைப் பார்க்க ஆர்வம் இருக்கும். இரண்டாம் ஆண்டிலிருந்து வருகை குறைகிறது. பின்தொடர முடியாமல் நோயாளிகள் நழுவுவது உலகெங்கும் இத்துறையின் பலவீனம். வெளியூரிலிருந்து, வெளிமாநிலத்திலிருந்து வந்து சிகிச்சை பெற்றுத் திரும்புகிறவர்கள் நிறைந்த இந்தியாவில் அது இன்னும் பெரிது. பாட்னாவிலிருந்து மும்பைக்கு வந்து ஆபரேஷன் செய்துகொண்டவர், ரத்தம் பார்ப்பதற்காக ஆண்டுதோறும் ரயில் ஏறுவார் என்று எதிர்பார்க்க முடியாது.

காசும் காரணம். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019ல் மருத்துவக் காப்பீட்டு விலக்குகளை ஒரே மாதிரியாக்கியது. உடல் எடைக் குறியீடு 40ஐத் தாண்டினாலோ, 35க்கு மேல் இருந்து இதய நோய், கட்டுக்கடங்காத சர்க்கரை, கடுமையான மூச்சுத்திணறல் போன்றவை இருந்தாலோ, வேறு வழிகள் பலிக்காத நிலையில், அறுவை சிகிச்சைக்குக் காப்பீடு பெறலாம் என்று அதில் வழி பிறந்தது. அதே பட்டியலில் இன்னொரு விலக்கும் இருக்கிறது. வைட்டமின்கள், தாதுக்கள் உள்ளிட்ட துணை உணவுகளுக்குப் பணம் கிடையாது. மருத்துவமனையில் சேர்ந்த சிகிச்சையின் பகுதியாக மருத்துவர் எழுதினால் மட்டுமே விதிவிலக்கு.

சாதாரண நோயாளிக்கு இந்த விலக்கு நியாயமாகப் படலாம். இரைப்பையை வெட்டியெடுக்கக் காப்பீட்டில் பணம் பெற்றவருக்கோ இதன் பொருள் வேறு. சில லட்ச ரூபாய் சிகிச்சைக்குக் காப்பீடு உண்டு. அதைக் கெடாமல் காக்கும் மாத்திரைக்கு மாதாமாதம் கைக்காசு. முதலாண்டு உற்சாகம் அடங்கியதும் வீட்டுச் செலவில் முதலில் வெட்டப்படுவது இந்தக் காசுதான். மக்கள் மருந்தகங்களில் சில மாத்திரைகள் மலிவாகக் கிடைக்கின்றன என்பது ஓரளவு ஆறுதல்.

நோயாளிகளின் எண்ணிக்கையும் இனிக் கூடவே செய்யும். 1991ல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் வகுத்த 40, 35 என்ற எல்லைக்கோட்டை, 2022ல் சர்வதேச அறுவை சிகிச்சை அமைப்புகள் கீழே இறக்கின. ஆசியர்களுக்குக் குறைந்த எடையிலேயே சர்க்கரையும் இதய நோயும் வருவதால் 27.5லிருந்தே சிகிச்சையைப் பரிசீலிக்கலாம் என்பது புதிய பரிந்துரை. 2025ல் எடைக் குறைப்பு ஊசிகளும் இந்தியச் சந்தைக்கு வந்துவிட்டன. ஊசியை நிறுத்தினால் பசி திரும்பும். வெட்டிய இரைப்பை திரும்பாது. ஏற்கெனவே சிகிச்சை செய்துகொண்டவர்களின் தேவை எந்தப் புதிய மருந்தாலும் மறையப்போவதில்லை.

மறக்கக் கூடாதவை

பற்றாக்குறைகள் அனைத்துமே தடுக்கக்கூடியவை. மருத்துவ விதிமுறைகள் வலியுறுத்துபவை இவை:

* நாளொன்றுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம். சாப்பாட்டில் முதலில் பருப்பு, முட்டை, பனீர், மீன். கடைசியில்தான் சோறும் சப்பாத்தியும்.

* ஸ்லீவ், பைபாஸ் செய்துகொண்டவர்களுக்கு உணவும் மாத்திரையும் சேர்த்து நாளொன்றுக்கு 1,200 முதல் 1,500 மில்லிகிராம் கால்சியம். கடைகளில் அதிகம் விற்கும் கார்பனேட் வகை கரைய அமிலம் வேண்டும். சிட்ரேட் வகைக்கு அமிலம் தேவையில்லை.

* மாதவிலக்கு நிற்காத பெண்களுக்கு நாளொன்றுக்கு 45 முதல் 60 மில்லிகிராம் இரும்பு. அதையும் கால்சியத்தையும் ஒரே நேரத்தில் விழுங்கினால் ஒன்றை ஒன்று தடுக்கும். இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். டீ, காபியோடும் இரும்பு சேராது. மாத்திரையில் ஏறாவிட்டால் நரம்பு வழியாக ஏற்றலாம்.

* பி12 நாள்தோறும் மாத்திரையாகவோ, மாதம் ஒருமுறை 1,000 மைக்ரோகிராம் ஊசியாகவோ தொடர வேண்டும். மிட்டாய் போலிருக்கும் வைட்டமின்களில் இரும்பு பெரும்பாலும் இருக்காது.

* இரண்டு மூன்று நாள் வாந்தி நிற்காவிட்டால் உடனே மருத்துவமனை. குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன் தயமின் என்பதை நோயாளியின் குடும்பமே நினைவுபடுத்தலாம்.

* கால் மரமரப்பு, நடைத் தடுமாற்றம், மாலைக்கண், கால் வீக்கம், காரணமில்லாத சோர்வு ஆகியவற்றில் எது வந்தாலும், சிகிச்சை முடிந்து பத்து ஆண்டு ஆகியிருந்தாலும், பழைய ஆபரேஷனைப் பற்றி மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

கடைசியாகச் சொன்னதுதான் பலர் செய்யாதது. எடைக்காக ஆபரேஷன் செய்துகொண்டதை உறவினரிடம் மறைப்பவர்கள் உண்டு. சாப்பாட்டைக் கட்டுப்படுத்தத் தெரியாதவர் என்ற ஏளனத்துக்கு அஞ்சி, புதிய மருத்துவரிடமும் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை. லேப்ராஸ்கோப் துளைகளின் தழும்பு நாளடைவில் மங்கிவிடும். நோயாளி சொல்லாமல் மருத்துவருக்குத் தெரிய வழியில்லை.

மருத்துவமனை கொடுத்த டிஸ்சார்ஜ் சீட்டில் எந்த முறை ஆபரேஷன், எத்தனை சென்டிமீட்டர் குடல் விலக்கப்பட்டது, எந்தத் தேதி என்பதெல்லாம் எழுதியிருக்கும். பலர் வீடுகளில் அது பழைய பில்களோடு அலமாரியில் கிடக்கிறது. அதன் நகல் ஒன்றைப் பையில் வைத்திருந்தால், நள்ளிரவில் ஏதோ ஓர் ஊரில் குளுக்கோஸ் பாட்டிலை மாட்டப்போகும் டாக்டர் ஒரு நிமிடம் நின்று யோசிப்பார். அந்த ஒரு நிமிடம் போதும்.